வெயிலுகந்தாள் வீட்டுச் சுவர்

கம்பெனி எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் யாராவது வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக நம்ம நெடுங்கரிசலுக்கு வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் என் கடையில்தான் நாலு இட்லி சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டே அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள்: வரிச்சலுகை கொடுத்தார்களாம், நாலு வழிச்சாலை போட்டார்களாம், துறைமுகம் பக்கமாம். வரிச்சலுகை பக்கத்து மாவட்டத்திலும் கொடுத்தார்கள், சாலை அங்கேயும் போனது, துறைமுகம் அவர்களுக்கு இன்னும் பக்கம், அங்கே ஏன் போகவில்லை என்று கேட்டால் முழிப்பார்கள். கம்பெனியை இழுத்துக்கொண்டு வந்தது நிழல் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு நான் இரண்டாம் தரம் சாம்பார் ஊற்றுவதில்லை.

நீங்கள் சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். ஊர்க்கோடியில், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் நிலத்தை வளைத்து வேலி போட்டு, வாசலில் தொழிற்பேட்டை என்று எழுதிப் பெரிய வளைவு ஒன்றும் கட்டிவைத்தார்கள். வளைவு வந்தது, கம்பெனி வரவில்லை. வேலிக்கருவை வந்தது, கீரிப்பிள்ளை வந்தது, ஆடிக்காற்று வந்தது, தேர்தலுக்குத் தேர்தல் ஆட்கள் வந்து வளைவுக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள், கம்பெனி மட்டும் வரவே இல்லை. பருத்தியும் கம்பும் விளைந்த நிலம் அது. கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே ஒருத்தியின் வார்த்தையை நம்பிக் கொடுத்தார்கள். அவள்தான் எங்கள் ஊராட்சித் தலைவர் வெயிலுகந்தாள். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை, எனக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இவள் விஷயத்தில் பொய் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்: தன் நிலத்தை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றாள். நம்ம பிள்ளைகள் நம்ம வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நம்ம ஊரிலேயே வேலை பார்த்து, பொழுதுசாய நம்ம வீட்டுக்கே திரும்ப வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன் என்றாள். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள், ஒரே மகன், சந்தனகுமார். அந்த மகனை மனதில் வைத்துத்தான் கேட்டாள் என்பது ஊருக்கும் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார்கள், அவரவருக்கும் பிள்ளைகள் இருந்தன.

பேட்டையில் கருவை வளர வளர ஊரில் ஆள் குறைந்தது. திருப்பூருக்குப் போனார்கள், கோயம்புத்தூருக்குப் போனார்கள், மஸ்கட்டுக்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், பெண்பிள்ளைகள் மில் விடுதிகளுக்குப் போனார்கள், எல்லாரும் என் கடை வாசலில் நின்றுதான் பஸ் ஏறினார்கள். அப்படி ஒரு நாள் சீனிச்சாமி திருப்பூர் பஸ்ஸில் ஏறினான். போயிட்டு வாரேன் என்று பெண்டாட்டி தங்கக்கிளியிடம் சொன்னான், போயிட்டு வாங்க என்று அவள் சொன்னாள், பஸ் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றித் திரும்பிக் கண்ணை விட்டு மறைந்தது. பஸ் நிலையத்துத் தூணில் அவனுடைய நிழல் மட்டும் கையில் பையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. தங்கக்கிளி அதைப் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம், எவனோ ஒருவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, அண்ணாச்சி மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு போல என்றான். வெயில் ஏறுமுன்னே வீட்டுக்கு நடங்க என்று தங்கக்கிளி சொல்ல, நிழல் அவள் பின்னாலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு வேலை தேடி வெளியூர் போன யாரும் முழுசாகப் போகவில்லை. உடம்பு பஸ்ஸில் போகும், நிழல் வீட்டுக்கு வரும். போன இடத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று போனில் சொன்னார்கள், கூலிக்குப் போனவன் காலடியில் நிழல் இருக்கிறதா இல்லையா என்று எந்த ஊரில் யார் குனிந்து பார்க்கிறார்கள்.

ஊர் பழகிக்கொண்டது, பழகாமல் வேறு என்ன செய்ய. அங்கே உடம்பு என்ன செய்கிறதோ அதையே இங்கே நிழல் சுவரில் செய்யும். சீனிச்சாமி பனியன் கம்பெனியில் துணி வெட்டினால் தங்கக்கிளி வீட்டுச் சுவரில் நிழல் கத்தரியைப் பிடித்து வெட்டும், அவன் அங்கே சாப்பிட உட்கார்ந்தால் இங்கே நிழலும் உட்காரும், அவளும் அப்போது தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நிழலைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி அடித்தார்கள். வத்தல் காயப்போட்ட இடத்தில் வந்து படுத்த நிழல்களை வாரியலால் விரட்டினார்கள். ரேஷன் கடையில் நிழலுக்கும் சேர்த்து அரிசி கேட்டு ஒரு சண்டை நடந்தது, கடைக்காரன் நிழல் கைரேகை வைத்தால் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சப்பரம் தூக்கத் தோள் போதாமல் கிழடுகள் திணறியபோது நிழல்கள் எல்லாம் வந்து தோள் கொடுத்தன, சப்பரம் பஞ்சு மூட்டைபோல ஊரைச் சுற்றி வந்தது, அன்றைக்கு மஸ்கட்டிலும் தோஹாவிலும் எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டு நின்றார்களாம். ஒருத்தியின் புருஷன் நிழல் ஒரு நாள் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது, அங்கேயிருந்து போன் வருமுன்னே இவள் இங்கேயிருந்து போன் போட்டு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். இன்னொருத்தியின் புருஷன் நிழல் பட்டப்பகலில் யாரையோ இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆடியது, அவன் ஊருக்கு வந்தபோது வாங்கிய அடியை அவனே மறந்தாலும் நாங்கள் மறக்க மாட்டோம்.

சந்தனகுமார் அப்போது ஊரில்தான் இருந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்துவிட்டு, கம்பெனி வரும், வந்ததும் முதல் ஆள் நீதான் என்று அம்மா சொன்னதைக் கேட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தான். கூடப்படித்தவர்கள் எல்லாம் வெளியே போய் நிழலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இவன் ஒருத்தன்தான் முழு ஆளாகத் தெருவில் அலைந்தான். ஜெனரல் மேனேஜர் சார், எப்ப டூட்டில சேரப்போறீக என்று தெருவில் கேலி பேசினார்கள். எவ்வளவுதான் ஒருத்தன் தாங்குவான். ஒரு நாள் காலையில் அம்மாவுக்கும் மகனுக்கும் வாய்த்தகராறு முற்றி, அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வர, அவள் பின்னாலேயே வர, என் கடை வாசலில் வைத்துத்தான் அது நடந்தது. ஊரை ஏமாத்தினது போதாதுன்னு என்னையும் ஏமாத்திட்டியேம்மா என்றான். அவள் முகம் கறுத்துப்போனது. பஸ் படியில் கால் வைத்துவிட்டு அவன் திரும்பிப் பார்த்தான்.

"போறேன்."

எங்கள் பக்கம் எழவு வீட்டில்கூட யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள், பேசாமல் எழுந்துதான் போவார்கள். கடைத்தெருவுக்குப் போகிறவன்கூட வாரேன் என்று சொல்லித்தான் போவான். அப்படிப்பட்ட ஊரில் பெற்ற பிள்ளை அப்படிச் சொன்னால், அட கூறுகெட்டவனே என்று தலையில் ஒரு குட்டு வைத்து, போயிட்டு வாரேன்னு சொல்லுடா என்று திருத்த வேண்டியவள் பெற்றவள்தான். ஆனால் அவளும் அன்றைக்கு மனுஷிதானே.

"போ," என்றாள்.

பஸ் போனது. தூணைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம், பஸ் நின்ற இடத்தை எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். எண்ணெய்க் கறைதான் இருந்தது. சொல்லிவிட்டுப் போகிறவனுக்குத்தான் நிழல் தங்குகிறது, திரும்பி வருவேன் என்று சொல்லாதவன் தன்னை முழுசாக வாரிக்கொண்டு போய்விடுகிறான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. வெயிலுகந்தாள் அங்கேயே வெகுநேரம் நின்றாள், நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவன் போன் நம்பரை மாற்றிவிட்டான். மற்ற வீடுகளில் புருஷன் தூங்குகிறானா தின்றானா என்று சுவரைப் பார்த்தால் தெரியும், இவள் வீட்டுத் தெருப்பக்கத்துச் சுவர் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. அந்தச் சுவரில் ஒரு சாமான் சாய்த்துவைக்க விடமாட்டாள், கட்சிக்காரர்கள் சின்னம் வரைய வந்தால் வாரியலை எடுப்பாள், பொங்கல்தோறும் இரண்டு தடவை வெள்ளையடிப்பாள். கோயம்புத்தூர், சென்னை என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி எங்க ஊருக்கு ஒரு கம்பெனி அனுப்புங்கள் என்று மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கம்பெனி வந்தால் ஊருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறும், அது மட்டும்தானா? கம்பெனி வந்த சேதி எந்த ஊரில் இருந்தாலும் அவன் காதில் விழும், அம்மா பொய்க்காரி இல்லை என்று அவனுக்குத் தெரியும். அதை என்னிடம்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தச் சுவரைப் பார்த்தால் தெரியாதா எனக்கு.

கடைசியில் ஒரு மாசியில் தகவல் வந்தது. பின்லாந்து என்ற தேசத்திலிருந்து ஒரு கம்பெனி இடம் பார்க்க வருகிறது, லிஃப்டுக்குக் கதவும் கூண்டும் செய்கிற கம்பெனி, பக்கத்து மாவட்டத்தை ஏற்கெனவே பார்த்து முக்கால்வாசி முடிவும் செய்துவிட்டார்கள், இங்கே சும்மா எட்டிப் பார்க்கிறார்கள். மாடி வீடே இல்லாத ஊருக்கு லிஃப்ட் கம்பெனியா என்று ஊரே சிரித்தது. தொழில்துறை அதிகாரி கிருபாகரன் முந்தின நாளே வந்துவிட்டார். நல்ல மனுஷன், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, சுவர்களைப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்கள், நாளைக்கு ஒரு நாள் மட்டும் இதையெல்லாம் உள்ளே வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். அதிகாரி சொன்னால் கேட்கிற ஊர் இது, அதுதான் எங்கள் வியாதி. கட்டிலுக்கடியில் சிலது, கதவிடுக்கில் சிலது, சுருட்டிய பாய்க்குள் சிலது என்று எல்லா நிழலையும் ஒளித்துவைத்தோம். தங்கக்கிளி சீனிச்சாமியை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் கார்கள் வந்தன. நாதஸ்வரம் வாசித்தோம், மாலை போட்டோம், இளநீர் வெட்டினோம். வந்தவர்களில் பெரியவள் ஹெல்மி என்று ஒரு பெண்பிள்ளை, நெடுநெடுவென்று உயரம், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், சின்ன வயதில் அதே கம்பெனியில் கதவுக்கு வெல்டிங் வைத்து மேலே வந்தவளாம். பேசியதை எங்களுக்குச் சொல்ல மதுரையிலிருந்து ஷகிலா என்ற பிள்ளை கூட வந்திருந்தது. ஹெல்மி பேட்டையைப் பார்த்தாள், கரண்ட் லைனைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு ஊருக்குள் நடந்தாள். தெருவில் கிழவர்களும் பொம்பளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் வரிசையாக நின்று கும்பிட்டோம். அவள் நின்றுவிட்டாள். இடம் இருக்கு, எல்லாம் இருக்கு, வேலை தெரிஞ்ச ஆளுக எங்கேன்னு கேக்குறாங்க என்றது ஷகிலா. வருவார்கள் என்றார் கிருபாகரன். கம்பெனி வரட்டும் என்று ஆள் வெளியூரில் காத்திருக்க, ஆள் வரட்டும் என்று கம்பெனி வெளிநாட்டில் காத்திருக்க, நடுவில் நாங்கள் காலமெல்லாம் கருவை வளர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் போல. ஹெல்மி மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள்.

வெயிலுகந்தாள் கையிலிருந்த மாலைத் தட்டைக் கிருபாகரன் கையில் கொடுத்தாள். தெரு நடுவில் போய் நின்றாள்.

"கதவத் தெறங்க தாயி. எல்லாத்தையும் வெளிய விடுங்க."

முதல் கதவைத் திறந்தது நான்தான், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அடுத்து எதிர்வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருத்தெருவாகக் கதவுகள் திறக்க, கட்டிலுக்கடியிலிருந்தும் பாய்க்குள்ளிருந்தும் நிழல்கள் புறப்பட்டு, வெயிலைக் கண்டதும் சிலிர்த்துக்கொண்டு, வாசல் தாண்டித் தரையில் ஓடிச் சுவரில் ஏறி நின்று விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கின. வெல்டிங் வைக்கிறவன் முகமூடியை இறக்கிப் பற்றவைத்தான், கடைசல் எந்திரத்தில் நிற்கிறவன் கைப்பிடியைச் சுற்றினான், வயர் இழுக்கிறவன் ஏணியில் ஏறினான், தகடு வளைக்கிறவன் வளைத்தான், மில் விடுதிப் பெண்பிள்ளைகள் அறுந்த நூலை ஓடிஓடி முடிந்தார்கள், கிரேன் ஓட்டுகிற ஒருத்தியின் நிழல் கோயில் மதில் உயரத்துக்கு உட்கார்ந்து எதையோ நிதானமாக இறக்கியது, தங்கக்கிளி டிரங்குப் பெட்டியைத் திறக்க சீனிச்சாமி கத்தரியோடு எழுந்து நின்றான். நெடுங்கரிசலில் வேலை நடக்காத சுவர் இல்லை. சத்தம் மட்டும்தான் இல்லை, அந்தச் சத்தமும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டார். ஹெல்மி பயப்படவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சுவராக நின்று நின்று பார்த்தாள், வெல்டிங் வைத்த நிழலின் முன்னால் வெகுநேரம் நின்று, இந்தக் கை நடுங்கவே இல்லை என்றாள். அவள் பிறந்த ஊரில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே வராதாம், திரும்ப வெயில் வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிப்போய்த் தங்கள் நிழல் வந்துவிட்டதா என்று பார்ப்பார்களாம், நிழலைக் கண்டு பயப்பட அவளுக்கு என்ன இருக்கிறது. இவங்கல்லாம் திரும்பி வருவாங்களா என்று கேட்டாள். வாரேன்னு சொன்னவுக நிழல் மட்டுந்தான் இங்க இருக்கு என்றாள் வெயிலுகந்தாள். அப்படியே பேசிக்கொண்டு வந்த ஹெல்மி வெயிலுகந்தாள் வீட்டு வாசலில் நின்று, இந்தச் சுவர் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள்.

"எம்மகன் கோவத்துல போறேன்னுட்டான். நானும் போன்னுட்டேன்," என்றாள் வெயிலுகந்தாள்.

ஷகிலா அதை அவளிடம் சொன்னது. ஹெல்மி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியது, அதைத் துடைக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு வந்து காரில் ஏறுமுன் ஷகிலாவிடம் எதையோ கேட்டுக் காதில் வாங்கி, இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வெயிலுகந்தாளைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்றாள். போயிட்டு வாங்க என்று ஊரே சொன்னது. கார் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றித் திரும்பியது. தூணில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, நெடுநெடுவென்று அவளுடைய நிழல் நின்றது.

அன்றைக்கு நாங்கள் போட்ட குலவை பக்கத்து மாவட்டத்துக்குக் கேட்டிருக்கும். நிழலை யார் வீட்டில் வைப்பது என்று அடுத்த நிமிஷமே சண்டை, பயணியர் விடுதியில் வைக்கலாம் என்று கிருபாகரன், கோயிலில் வைக்கலாம் என்று பூசாரி. என் வீட்டுச் சுவர் சும்மாத்தானே கிடக்கு என்று வெயிலுகந்தாள் கூட்டிக்கொண்டு போனாள். மகனுக்கென்று யாரையும் அண்டவிடாத சுவரை அவள் கொடுத்ததைப் பார்த்து நான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன், மதினி அழாம வாங்க என்று அவள்தான் என்னை அதட்டினாள்.

வெள்ளைக்காரி நிழலை வளர்ப்பது லேசில்லை. முழங்காலளவு பனியில் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும், தெருப்பிள்ளைகள் பின்னாலேயே அதேபோல நடந்து பழகிவிட்டார்கள். நாள் முழுக்கக் காப்பி குடிக்கும். சனிக்கிழமை தவறாமல் ஒரு பலகையில் உடுப்பில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், அவர்கள் ஊர் வழக்கம் அது, வெந்நீர் ஆவியில் உட்காருவார்கள் என்று ஷகிலா போனில் விளக்கிச் சொன்ன பிறகு, சனிக்கிழமை ஆனதும் வெயிலுகந்தாள் தன் சேலை ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு மறைத்துவிடுவாள். அவள் ஊரில் சூரியன் இல்லாவிட்டால் என்ன, எங்கள் வெயிலுக்கு என்ன குறைச்சல்.

பிறகு அந்த நாள் வந்தது. மத்தியானம் தாண்டியதும் நிழல் நாற்காலியில் உட்கார்ந்தது, கையை நீட்டிப் பேசத் தொடங்கியது, கம்பெனியை எந்த ஊரில் வைப்பது என்று முடிவெடுக்கிற கூட்டம் நடக்கிறது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. எள் போட்டால் கீழே விழாது அப்படிக் கூடிவிட்டோம், நான் இட்லிக் கொப்பரையை அங்கேயே தூக்கிக்கொண்டு போய்விட்டேன், ஒரு டி.வி.க்காரன்கூட எப்படியோ மோப்பம் பிடித்து வந்து கேமராவை நட்டிருந்தான். நிழல் விரல்விட்டு எண்ணியது, தலையை ஆட்டி மறுத்தது, மேஜையைத் தட்டியது. தட்டு தாயி இன்னொரு தட்டு என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். அப்புறம் அது எழுந்து நின்று, ஒரு கையால் முகத்தை மறைத்து மறு கையைக் கொஞ்சமும் நடுங்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்திக் காட்டியது. எங்கள் வெல்டிங் நிழல் நின்ற மாதிரியே நின்றது. எங்கள் ஆளைத்தான் காட்டுகிறாள் என்று தெரிந்ததும் கூட்டம் இன்னும் சுவரை நெருங்கியது. பிறகு நிழல் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டது, வெயில் சாய்ந்துகொண்டே வந்தது, சுவரில் வெளிச்சம் தீர்ந்துபோகுமோ என்று நான் மேற்கே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைசி வெயிலில் அது எழுந்தது, கையை நீட்டியது, குலுக்கியது, அடுத்த பக்கம் திரும்பி மறுபடி குலுக்கியது, குலுக்கிக்கொண்டே இருந்தது. தெருவில் வெடி வெடித்தது. பூசாரி சட்டையைக் கழற்றிச் சுற்றினார். தங்கக்கிளி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

இது யார் வீட்டுச் சுவர் என்று டி.வி.க்காரன் வெயிலுகந்தாளிடம் மைக்கை நீட்டினான். எம்மகனுக்கு ஒதுக்கிவச்ச சுவர், விருந்தாளி வரவும் குடுத்தேன், அவன் வந்தாலும் அவனுக்குத்தான் என்றாள். அதைத்தான் மஸ்கட்டிலும் திருப்பூரிலும் எல்லாரும் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம்.

கருவையை வெட்டினார்கள், அடித்தளம் போட்டார்கள், கூரை ஏறியது. ஹெல்மி வந்து காரிலிருந்து இறங்கியதும் அவள் நிழல் சுவரைவிட்டுக் குதித்து ஓடிக் காலில் ஒட்டிக்கொண்டது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பழகியதால் கொஞ்ச நேரம் தடுமாறி நடந்தன. பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள். பஸ் பஸ்ஸாக வந்தார்கள், வேனில் வந்தார்கள், விமானநிலையத்திலிருந்து சூட்கேஸ்களைக் கூரைமேல் கட்டிக்கொண்டு டாக்ஸிகளில் வந்தார்கள், ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் தெருச் சுவர்களிலிருந்து நிழல்கள் இறங்கி, என் கடையைத் தாண்டி, காலுக்கடியில் ஆறுபோல ஓடிவந்து, இறங்குகிறவர்களின் பாதம் தரையில் படுமுன்னே பாய்ந்து பிடித்துக்கொண்டன. அவசரத்தில் அண்ணன் நிழல் தம்பிக்கும் தம்பி நிழல் அண்ணனுக்கும் மாறி ஒட்டி, குட்டையன் நெட்டை நிழலோடு ஒரு வாரம் திரிந்தான். தங்கக்கிளி வெறும் சுவரைப் பார்த்து, இனி யாரோட சண்டை போட என்றாள், அன்று சாயங்காலமே சீனிச்சாமியோடு போட்டாள்.

வெயிலுகந்தாள் எல்லா பஸ்ஸுக்கும் வந்து நின்றாள். தலைவர் என்ற முறையில் சந்தனம் குங்குமம் தட்டோடு நின்றாள், இறங்குகிற ஒவ்வொருவருக்கும் பொட்டு வைத்தாள், பஸ் காலியானதும் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். ஊரே திரும்பிவிட்டது, அவள் சுவர் மறுபடி வெறிச்சென்று போனது. கம்பெனி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, இனிமே வரலை மதினி, சோலி கிடக்கு என்று சொல்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வந்த மத்தியான பஸ்ஸில்தான் அவன் இறங்கினான். தாடியும் பழைய பையுமாக இறங்கினான், எங்கிருந்தும் நிழல் ஓடிவரவில்லை, ஏனென்றால் அது அவன் காலடியிலேயே இருந்தது. ஊரில் நிழலோடு வந்து இறங்கிய ஒரே ஆள் அவன்தான். கடைக்கு வந்து உட்கார்ந்தான். நான் இலையைப் போட்டு இட்லி வைத்தேன். எங்கேயோ குஜராத்தில் கப்பல் உடைக்கிற இடத்தில் இருந்தானாம், அந்த டி.வி. வீடியோவில் சுவரின் ஒரு மூலையில், சின்ன வயதில் தன் பள்ளிக்கூடப் பையை மாட்டிய ஆணி தெரிந்ததாம், அதைப் பிடுங்காமல் சுற்றிச் சுண்ணாம்பு அடித்திருந்ததாம். அதைச் சொல்லும்போது இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. அம்மா இருக்காங்களா அத்தை என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"இருக்காம எங்கலே போவா? அவ யார்ட்டயும் போறேன்னு சொல்லலை."

அழுதுவிட்டான். நானும் அழுதேன், அழுதுகொண்டே இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.

வீட்டில் அம்மாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சாடைமாடையாகக் கேட்டதற்கும், வந்தான், குளிக்கச் சொன்னேன் என்று மட்டும்தான் சொன்னாள். ஃபிட்டர் தேர்வில் ஹெல்மியே நின்று அவன் கையைப் பார்த்து எடுத்துக்கொண்டாள், அது தலைவர் மகன் என்று அவளுக்குப் பிறகுதான் தெரியும்.

கம்பெனி திறந்த அன்று காலையில் ஊரே புதுச் சட்டையும் சாப்பாட்டுத் தூக்குமாகக் கிளம்பியது. சைக்கிளிலும் நடந்தும் போகிற தூரம்தானே, பொழுதுசாயத் திரும்பி வருகிற வேலைதானே, எல்லார் நிழலும் அவரவர் காலோடுதான் போனது. நான் வெயிலுகந்தாள் வீட்டுக்குச் சட்னி கொண்டுபோயிருந்தேன். சந்தனகுமார் சைக்கிளை வெளியே எடுத்தான், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எம்மா. போயிட்டு வாரேன்."

நான் அவளை முழங்கையால் இடித்தேன்.

"போயிட்டு வாய்யா," என்றாள்.

சைக்கிள் தெருமுனையில் திரும்பியது. அந்த வீட்டுத் தெருப்பக்கத்துச் சுவரில், ஆணிக்குப் பக்கத்தில், அவனுடைய நிழல் நின்றுகொண்டிருந்தது. ஊரில் வேறு யாருக்கும் அன்றைக்கு அப்படி நடக்கவில்லை, இவனுக்குத்தான் வாரேன்னு சொல்லாமல் போன பழைய பாக்கி இருந்தது. திறப்பு விழாவுக்குத் தலைவரைக் காணோம் என்று கிருபாகரன் போனுக்குமேல் போன் போட்டார், நான்தான் எடுத்து அவளுக்குச் சோலி கிடக்கு என்று சொல்லிவைத்தேன். அவள் சுவருக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, நிழல் சட்டைக் கையை மடித்துவிடுவதையும், ஸ்பானரைப் பிடித்துத் திருகுவதையும், லிஃப்ட் கதவைத் தூக்கி நிறுத்துவதையும், மத்தியானம் தூக்கைத் திறந்து அவள் வைத்த புளிச்சோற்றைச் சாப்பிடுவதையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கம்பெனியில் சங்கு ஊதியது. சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவன் வந்தான், சைக்கிளைச் சுவரில் சாய்த்தான், நிழலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.